1954-ல் கட்டிய கான்கிரீட்டும் பாரம்பரியம்தான்

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சரியாக ஏழு வாரம் கழித்து, டிசம்பர் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் மயாமி பீச்சில் ஃபோன்டன்புளூ என்ற கடற்கரை ஓட்டலைத் திறந்தார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சங்கதிகள்தான். ஆனால் அந்த ஓட்டலை 2008-ல் அமெரிக்க தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்த்தார்கள் என்று படித்ததிலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு கட்டடம் பிறந்த வருடத்தோடு, நம் ஊரில் பாரம்பரியம் என்கிற பேச்சே முடிந்துபோகிறது.

பாண்டியில் பாரம்பரியக் கட்டடம் என்றால் உங்கள் மனசில் என்ன வருகிறது? மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மரச் சட்ட ஜன்னல், மதில் மேல் காகிதப்பூ. இதுகூட ஒரு காலத்தில் கடலோரப் பக்கத்துக்கு மட்டும் கொடுத்த மரியாதைதான். கால்வாய்க்கு மேற்கே இருக்கிற தமிழ்த் தெருக்களின் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் காப்பாற்ற வேண்டியவை என்று ஒத்துக்கொள்ளவே நாளானது. வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்து, 2008-ல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்த பிறகுதான் பலருக்கு அந்தத் தெரு கண்ணில் பட்டது. அதாவது பாரம்பரியம் என்பதன் எல்லையை நாம் ஏற்கெனவே ஒரு தடவை நகர்த்தியிருக்கிறோம். இன்னொரு தடவை நகர்த்த வேண்டும், அதுவும் சீக்கிரம் நகர்த்த வேண்டும், ஏனென்றால் இந்த முறை காத்திருக்கிற கட்டடங்கள் சுண்ணாம்பும் செங்கல்லும் இல்லை, கம்பி வைத்த கான்கிரீட். கடலோரத்தில் அதற்கு ஆயுள் வேறு கணக்கு.

முதலில் அந்த ஓட்டல்.

அதை வடிவமைத்த மாரிஸ் லபிடஸ் 1902-ல் ஒடெசாவில் பிறந்து, குழந்தையாக நியூயார்க் வந்தவர். ஓட்டல் கட்டுவதற்கு முன்னால் பல வருடம் அவர் செய்ததெல்லாம் கடைகளுக்கு உள் அலங்காரம். துணிக்கடை, நகைக்கடை மாதிரி இடங்களில் ஆட்களை எப்படி உள்ளே இழுப்பது, உள்ளே வந்தவரை எப்படி நடக்க வைப்பது என்பதுதான் அவர் கற்ற பாடம். மனிதன் விட்டில்பூச்சி மாதிரி வெளிச்சத்தைப் பார்த்து நகர்வான் என்பார். நேர்கோட்டில் நடப்பது நம் சுபாவம் இல்லை, வளைந்துதான் நடப்போம் என்பதும் அவர் நம்பிக்கை. அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு மாபெரும் ஓட்டலில் வைத்தார். கட்டடமே கடலைப் பார்த்து வளைந்து நிற்கிறது, கால் வட்டம் மாதிரி. அந்தக் காலத்து நவீனக் கட்டடக் கலை, நேர்கோடு, சதுரம், அலங்காரம் கூடாது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது இவர் சுவரை வளைத்தார், கூரையில் ஓட்டை போட்டு விளக்கை ஒளித்து வைத்தார், தரையில் சலவைக்கல்லில் 'போ டை', அதாவது பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போடுகிற கழுத்து டை, அதன் வடிவம் பதித்தார். அவர் கழுத்தில் எப்போதும் அந்த டைதான் இருக்கும்.

வரவேற்புக் கூடத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. 'எங்கேயும் போகாத படிக்கட்டு' என்று அதற்குப் பெயர். மேலே போனால் பெரிதாக ஒன்றும் இல்லை, கோட்டைக் கழற்றி வைக்கிற ஒரு சின்ன இடம். லிஃப்டில் மேலே ஏறி, கோட்டை வைத்துவிட்டு, பட்டும் நகையுமாக அந்தப் படியில் மெதுவாக இறங்கி வர வேண்டும், கீழே இருக்கிற கூட்டம் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. கல்யாண மண்டபத்தில் பெண்ணை அழைத்து வருகிற அந்த ஒரு நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஒவ்வொரு சாயங்காலமும் அனுபவிக்கட்டும் என்று கல்லில் கட்டி வைத்தார் லபிடஸ். போருக்குப் பிறகு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த அமெரிக்க நடுத்தர வர்க்கம் எதற்கு ஏங்கியது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தப் புத்தகமும் இந்தப் படிக்கட்டு அளவுக்கு உதவவில்லை. ஒரு கட்டடத்தைப் பாரம்பரியம் என்று சொல்ல இது போதாதா?

அப்போது போதவில்லை. விமர்சகர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ரசனை கெட்ட பகட்டு என்றார்கள். மனம் நொந்த லபிடஸ் 1984-ல் அலுவலகத்தை மூடியபோது தன் வரைபடங்களில் பெரும்பகுதியை அழித்தே விட்டார். அப்புறம் காலம் மாறியது. அந்த ஊரின் போருக்குப் பிந்தைய கட்டடங்களை 'மயாமி மாடர்ன்' என்ற பெயரில் இளைய தலைமுறை கொண்டாடத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில், அவருடைய 97 வயதில், கூப்பர் ஹூவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் அவரைக் கௌரவித்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் இறந்துபோனார். தன் ஓட்டல் பதிவேட்டில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

இந்த ஓட்டலுக்கு ஒரு வம்பு வழக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. ஓட்டல் முதலாளி பென் நோவாக்கின் பழைய கூட்டாளி பக்கத்து மனையிலேயே ஈடன் ராக் என்று இன்னொரு ஓட்டல் கட்டினார், அதற்கும் லபிடஸ்தான் கட்டடக் கலைஞர். நோவாக்குக்கு ஆத்திரம். தன் மனையில் 14 மாடிக்கு ஒரு புதுப் பகுதியை எழுப்பினார். குளிர்காலத்தில் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து அதன் நிழல் ஈடன் ராக் நீச்சல் குளத்தின் மேல் விழுந்தது. வெயில் காயத்தானே அந்த ஊருக்கே ஆள் வருகிறார்கள்! வழக்கு போனது. 1959-ல் ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம், பக்கத்து மனையிலிருந்து வெளிச்சமும் காற்றும் தடையில்லாமல் வர வேண்டும் என்று யாருக்கும் சட்ட உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. நம் நாட்டில் 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம் இதற்கு நேர் எதிர்ப் பாதையில் போகிறது. 20 வருடம் தடையில்லாமல் ஒரு கட்டடம் அனுபவித்த வெளிச்சமும் காற்றும் அதன் உரிமையாகவே ஆகிவிடும். அமெரிக்காவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்த நிழலைப் படிக்கிறார்கள். ஒரு கட்டடம் ஊரின் சட்டத்தையும் சண்டையையும்கூடத் தன் மேல் எழுதி வைத்துக்கொள்ளும்.

1977-ல் நோவாக் திவாலானார். ஓட்டல் கை மாறியது, மறுபடி மாறியது, இடையில் பல ஒட்டுவேலைகள். கடைசியில் சுமார் 100 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2008 நவம்பரில் திறந்தார்கள். புதுக் கோபுரங்கள் சேர்ந்ததில் இப்போது 1,504 அறைகள். எல்லாவற்றையும் பழையபடி வைக்கவில்லை, வைக்கவும் முடியாது, அறைகளின் உள்ளே 1954 மிச்சமில்லை. ஆனால் வளைந்த முகப்பு இருக்கிறது, போ டை தரை இருக்கிறது, எங்கேயும் போகாத படிக்கட்டு இருக்கிறது. எதை இழந்தால் அது வேறு ஓட்டல் ஆகிவிடுமோ அதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். படுக்கையும் குழாயும் மாறலாம், நடக்கிற வழியும் வெளிச்சமும் வளைவும் மாறக் கூடாது என்கிற அந்தத் தீர்மானம் சரி என்றே நினைக்கிறேன்.

எல்லா ஓட்டலுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே 1957-ல் கட்டிய டோவில் என்ற ஓட்டல் இருந்தது. 1964-ல் பீட்டில்ஸ் பாடியதை அமெரிக்கா முழுக்க வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தது அந்த ஓட்டல் அரங்கிலிருந்துதான். 2017-ல் ஒரு மின்சாரத் தீ விபத்து, கதவு மூடியது, திறக்கவே இல்லை. பூட்டிய கட்டடத்தைக் கடற்காற்று தின்றது. 2022 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாரம்பரியப் பகுதிக்குள் இருந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அது உண்மையிலேயே ஆபத்தான கட்டடமாக ஆகியிருந்தது.

இங்கேதான் உப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

தமிழில் ஓதம் என்று ஒரு சொல் இருக்கிறது. அலைக்கும் ஓதம் என்றுதான் பெயர், கடலுக்கும் ஓதம், சுவரில் ஏறுகிற ஈரத்துக்கும் ஓதம். கடலோரத்தில் வீடு கட்டியவர்கள்தான் இப்படி ஒரே சொல்லை மூன்றுக்கும் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறினால் உப்புப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். அசிங்கமாக இருக்கும், ஆனால் சுவர் மூச்சு விடுகிறது என்று அர்த்தம். உதிர்ந்ததைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பு பூசலாம். கான்கிரீட் அப்படி இல்லை. அதன் நோய் உள்ளே இருக்கிற கம்பியில்.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, அமில கார அளவில் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி மெல்லிசாக ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகி, துருவை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். கடற்காற்றில் வருகிற குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே நகர்ந்து, ஒரு நாள் கம்பியைத் தொட்டு, அந்தப் படலத்தை உடைக்கும். காற்றில் இருக்கிற கரியமில வாயு தன் பங்குக்குக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். இரும்பு துருவானால் பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல் மேலே இருக்கிற கான்கிரீட் விரிசல் விட்டு, கம்பியின் கோட்டிலேயே பிளந்து, கட்டி கட்டியாக விழும். கம்பிக்கு மேல் எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்கிறது, நம் கொத்தனார்கள் 'கவர்' என்று சொல்வது, அதுதான் இங்கே உயிர்நாடி. இந்தியத் தர நிர்ணயத்தின் ஐஎஸ் 456 கடலோரக் கட்டடத்துக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது, கடல் திவலையே நேராகப் படுகிற இடத்துக்கு 50. நம் ஊரில் 1960, 70களில் கட்டிய வீடுகளின் சன்ஷேடில் இதில் பாதிகூட இருக்காது. அதோடு கலவைக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேறு.

எனக்கு இது சொந்த வீட்டில் தெரிந்த பாடம். குருசுக்குப்பத்தில் அப்பா கட்டிய வீடு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கிழக்குப் பக்கச் சன்ஷேடில் ஒரு கோடு விழுந்தது. ஒருவர் வந்து சிமென்ட் பூசி, பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழையில் ஒரு சாயங்காலம் தேங்காய் அளவுக் கட்டி ஒன்று அம்மா துணி காயப்போட்டுவிட்டு நகர்ந்த இடத்தில் விழுந்தது. அடுத்து வில்லியனூரிலிருந்து ஒரு வயதான கொத்தனார் வந்தார். அவர் பூசவில்லை, முதலில் சுத்தியலால் சன்ஷேடு முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கெட்டிச் சத்தம், கெட்ட இடத்தில் பொள்ளல் சத்தம். "தம்பி, இது பூச்சு வேல இல்ல. கம்பி செத்துப் போச்சு. மேல பூசிப் பூசி உள்ள இருக்கிற நோவ மறைச்சு வச்சிருக்கீங்க" என்றார். பொள்ளலாகக் கேட்ட இடத்தையெல்லாம் கம்பிக்குப் பின்பக்கம் வரை வெட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, இற்றுப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, நல்ல தண்ணீரில் கலந்த கலவையால் மூடினார். பெரிய பெரிய ஓட்டல்களின் பால்கனிகளுக்குச் செய்கிற வைத்தியமும் அடிப்படையில் இதுதான். கருவிகள்தான் வேறு, சுத்தியலோடு கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து உள்ளே துரு எங்கே ஓடுகிறது என்று முன்கூட்டியே வரைந்துவிடுவார்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொரு சோதனையும் சேர்ந்தது. 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குக் கல்தடுப்பு நீட்டியதிலிருந்து வடக்கு நோக்கி வர வேண்டிய மணல் நின்றுபோய், பீச் ரோட்டில் பீச்சே இல்லாமல் கருங்கல் மட்டும் மிஞ்சியது. மணல் இருந்தால் அலை அதன் மேல் ஏறி ஓய்ந்துவிடும். கல்லில் மோதினால் திவலையாகத் தெறித்துச் சாலையைத் தாண்டும். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் திட்டு அமைத்து மணலைத் திரும்பக் கொண்டுவந்தது இந்தக் காரணத்துக்காகவும் முக்கியம். மயாமி பீச்சிலும் இதே கதை நடந்தது, ஓட்டல்காரர்கள் கடலை ஒட்டிச் சுவர் எழுப்பி மணலைத் தொலைத்து, 1970களின் பிற்பகுதியில் அரசு பெருந்தொகை செலவழித்துக் கடலிலிருந்து மணலை இறைத்துக் கொட்ட வேண்டியதாயிற்று.

சரி, கடலோரத்தில் கான்கிரீட் நிலைக்கவே நிலைக்காதா? நிலைக்கும். ஆதாரம் நம் ஊரிலேயே, கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி.

ஃபோன்டன்புளூவுக்கு ஏறத்தாழ 12 வருடம் மூத்தது. டோக்கியோவில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டலுக்கு வேலை செய்யப் போய் அங்கேயே தங்கிவிட்ட, செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் அதை வடிவமைத்தார். அவர் அனுப்பிய ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் மர நாற்காலி மேசைகளுக்குப் பேர்போன அதே நகாஷிமா, இங்கே அவர் பெயர் சுந்தரானந்தா. கூடவே ஃபிரான்டிசெக் சாமர் என்ற கட்டடக் கலைஞரும். பணம் ஹைதராபாத்திலிருந்து, திவான் அக்பர் ஹைதரியின் முயற்சியில் நிஜாம் அரசு கொடுத்த ஒரு லட்ச ரூபாய், அதனால்தான் அந்தப் பெயர். 1937-ல் தொடங்கி, உலகப் போரின் தட்டுப்பாட்டுக்கு நடுவே, ஆசிரமத்துச் சாதகர்களும் கூலியாட்களும் சேர்ந்து கட்டினார்கள். நாட்டிலேயே மிக ஆரம்பகாலக் கம்பிக் கான்கிரீட் நவீனக் கட்டடங்களில் ஒன்று.

வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் தரையிலிருந்து கூரை வரை திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. தகடுகளைச் சாய்த்தால் வெயிலும் மழையும் வெளியே நிற்கும், காற்று மட்டும் உள்ளே வரும். அறைக்கும் நடைக்கும் நடுவே தேக்குப் பலகைகளை இடைவெளி விட்டுக் கோத்த நகரும் கதவு. கூரையில் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் வில்லைகள், நடுவே காற்றுக்கு இடம், அதனால் மேலறை கொதிக்காது. தரையில் கடப்பைக் கல். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கதவுக்குரிய பிடிகளையும் கொக்கிகளையும் வார்த்தார்கள். ஒரு அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். கட்டி 80 வருடம் தாண்டியும் அது காட்சிப் பொருள் ஆகவில்லை, ஆட்கள் தங்குகிற விடுதியாகவே இருக்கிறது. காரணம் ஆசிரமத்தை நடத்திய அன்னை வைத்த ஒழுங்கு. தினம் துடைக்க வேண்டும், தகடும் கொக்கியும் எண்ணெயும் துணியும் காண வேண்டும், சின்னக் குறை தெரிந்த அன்றைக்கே கை வைக்க வேண்டும். 100 கோடி டாலர் செலவழித்து மீட்பது ஒரு வழி. மீட்க வேண்டிய நிலைக்கே விடாமல் பார்ப்பது இன்னொரு வழி. நமக்கு எது கட்டுப்படியாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மற்ற கட்டடங்களுக்கு அந்தக் கவனிப்பு இல்லை. 1871-ஐ ஒட்டிக் கட்டிய 'மேரி' என்கிற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. ஊரே வருத்தப்பட்டது, அதனால் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி 2021-ல் திறந்தார்கள், நல்ல காரியம். 2022 மார்ச்சில் பழைய துறைமுகத்தின் கடற்பாலம், 1960களின் கான்கிரீட், ஒரு பகுதி உடைந்து கடலில் விழுந்தது. அதற்காக வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அதைப் பாரம்பரியம் என்று நினைத்து வருத்தப்பட்டிருப்பார்கள்? புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த காலத்தில் கடலுக்குள் நீட்டிய பாலம் அது. இந்த ஊர் தன் காலில் நிற்கத் தொடங்கிய வருடங்களின் சாட்சி.

இது பெரிய கட்டடங்களோடு முடிகிற விஷயமும் இல்லை. முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, இந்தப் பக்கம் கடலூர் மஞ்சக்குப்பம் வரைக்கும் தெருவில் நடந்து பாருங்கள். மூலையில் வளைந்து திரும்புகிற பால்கனி, மொட்டைமாடி முகப்பில் சிமென்டில் எழுதிய வருடம், உதிக்கிற சூரியன் மாதிரிக் கம்பிக் கிராதி, மாடிப்படியில் வெளிச்சம் விழ வைத்த கான்கிரீட் ஜாலி, கூடத்தில் மொசைக் தரை. பென்ஷன் பணத்திலும் அரிசி மண்டி லாபத்திலும் கட்டியவை. லபிடஸின் படிக்கட்டில் இறங்கி வந்தவர்களுக்கு இருந்த அதே ஆசைதான், நாமும் புதுசாக ஆகிவிட்டோம் என்று ஊருக்குக் காட்டுகிற ஆசை. இவற்றில் ஒன்றை இடித்தால் யாரும் கேட்பதில்லை. இடித்த இடத்தில் கண்ணாடி முகப்போடு ஒன்று வரும், இல்லாவிட்டால் பிரெஞ்சுக் காலத்து வீடு மாதிரி மஞ்சள் அடித்த புது விடுதி வரும். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நிஜமான 1958-ஐ இடித்துவிட்டுப் பொய்யான 1858-ஐக் கட்டுகிறோம்.

வீடு உங்களுடையதாக இருந்தால் பூச்சுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு சன்ஷேடையும் பால்கனி அடித்தளத்தையும் நீங்களே தட்டிப் பாருங்கள். துருக்கறை ஒழுகின கோடு இருக்கிறதா, விரிசல் கம்பியின் போக்கிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். அப்பா காலத்து வரைபடம், கட்டும்போது எடுத்த போட்டோ எதுவானாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டு வரைபடம் ஒரு தகரப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடைத்தது. அதில் கிழக்குச் சன்ஷேடுக்குப் பக்கத்தில் அப்பா பென்சிலால் 'காத்துப் பக்கம், கனமா போடவும்' என்று எழுதியிருந்தார்.